பெண்பிள்ளைகள் ஐக்கியத்தில் பிறந்தநாள்: கேக் வாங்க வசதி இல்லாத பிள்ளைக்கு என்ன செய்வது?

கேட்டவர்: பாளை அக்கா

எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் பெண்பிள்ளைகள் ஐக்கியத்தை நான்கு வருஷமாக நான் பார்த்துக்கொள்கிறேன். எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை 21 பிள்ளைகள். ஞாயிறு மாலை 4 மணிக்கு ஞாயிறு பள்ளி அறையில் கூடுவோம். பாட்டு, வேதபாடம், ஜெபம், அப்புறம் டீயும் பிஸ்கட்டும். என் பிரச்சினை அந்த டீ நேரத்தில்தான் ஆரம்பித்தது.

முன்பெல்லாம் யாருக்காவது பிறந்தநாள் என்றால் அந்தப் பிள்ளை ஆளுக்கு ஒரு மிட்டாய் கொடுக்கும், ஜெபம் பண்ணுவோம், அவ்வளவுதான். போன வருஷம் ஒரு பிள்ளையின் அப்பா இரண்டு கிலோ கேக் வாங்கி அனுப்பினார். கூடவே எல்லாருக்கும் ஒரு பேனா, ஒரு கீ செயின். பிரியமாகத்தான் அனுப்பினார், அவரைக் குறை சொல்லமாட்டேன். அடுத்த மாதம் இன்னொருத்தி அதைவிடப் பெரிய கேக் கொண்டுவந்தாள். அப்படியே வழக்கமாகிவிட்டது. அப்போதே நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை.

ஆகஸ்டில் ஒரு பிள்ளையின் அம்மா ஒரு கிலோ கேக்கோடு வந்தார். வீட்டில் பீடி சுற்றுகிறவர். அட்டைப்பெட்டியின் ரிப்பனை அவர் அவிழ்ப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பீடி நூல் இழுத்து இழுத்து விரல்நுனி காய்த்துப்போயிருந்தது. ரிப்பன் கிழியாமல், முடிச்சை நகத்தால் நெம்பி அவிழ்த்து, நான்காக மடித்துச் சேலை முந்தியில் முடிந்துகொண்டார். போகும்போது வாசலில் நின்று மெதுவாகச் சொன்னார்: “நம்ம பிள்ளை மட்டும் வெறுங்கையோட நிக்கக் கூடாதுல்லா டீச்சர். வாரவட்டிக்கு 800 ரூவா வாங்கினேன்.” அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

இன்னொரு காரியம். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி. அம்மா இல்லை, அப்பா கேரளாவில் வேலை, பாட்டிதான் வளர்க்கிறார். பிறந்தநாள் பட்டியல் எழுதியபோது அவள் பேருக்கு நேரே ஜூன் 1 என்று எழுதினேன், பள்ளியில் அப்படித்தான் இருக்கிறது. “அத எழுதாதீங்கக்கா, அது ஸ்கூல்ல சேக்கதுக்காகச் சொன்ன தேதி” என்றாள். நிஜமான தேதி என்ன என்று பாட்டியிடம் போய்க் கேட்டேன். “அசனம் முடிஞ்சு மூணாம் நாள். சட்டியெல்லாம் தேச்சு வச்சிக்கிட்டிருந்தோம், அவ அம்மைக்கு வலி வந்துட்டு” என்றார். எந்த வருஷத்து அசனம் (கோயிலில் எல்லாருக்கும் வைக்கும் விருந்து), என்ன தேதி, அதெல்லாம் அவருக்குத் தெரியவில்லை. இதுவரை அந்தப் பிள்ளைக்கு யாரும் பிறந்தநாள் கொண்டாடியதே இல்லை.

கொண்டாட்டத்தையே நிறுத்திவிடலாம் என்று கமிட்டியில் ஒருவர் சொன்னார். எனக்கு மனசு வரவில்லை. பதின்மூன்று பதினான்கு வயதில் ஒரு பிள்ளைக்குத் தன் பெயரை நாலு பேர் பிரியமாகச் சொல்லிக் கேட்பது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியும். செலவும் போட்டியும் இல்லாமல் எப்படிச் செய்கிறீர்கள்? ஈஸ்டருக்கு முந்தின உபவாச நாட்களான லெந்து காலத்தில் பிறந்தநாள் வரும் பிள்ளைகளுக்கு என்ன செய்கிறீர்கள்? எங்களிடம் அப்படி மூன்று பேர்.

பதில்: ஐயரம்மா (ஓய்வு)

அன்புள்ள மகளே, ஸ்தோத்திரம். என் வீட்டுக்காரர் முப்பது வருஷத்துக்கு மேல் சேகர குருவாக, அதாவது சில சபைகள் சேர்ந்த ஒரு சேகரத்துக்குப் போதகராக, இருந்தார். போன ஊரிலெல்லாம் பெண்பிள்ளைகள் கூட்டம் என் பொறுப்புதான். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த எட்டாம் வகுப்புப் பிள்ளை. உங்கள் சேகரத்தின் ஞானஸ்நானப் பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். பிறந்த தேதி, ஞானஸ்நானம் பெற்ற தேதி, தாய் தகப்பன் பெயர், ஞானஸ்நானத்தில் பிள்ளைக்குப் பொறுப்பேற்று நிற்கும் ஞானப்பெற்றோர் பெயர் எல்லாம் அதில் இருக்கும். பள்ளியில் சேர்க்கத் தேதியை மாற்றிச் சொன்னவர்கள்கூட போதகர் ஐயரிடம் சரியான தேதியைத்தான் சொல்லியிருப்பார்கள். குழந்தை பிறந்து சில மாதத்தில் எழுதுவது அல்லவா, மறந்திருக்கவும் முடியாது. வேறு ஊர்க் கோயிலில் ஞானஸ்நானம் என்றால் அந்தச் சேகரத் தலைவருக்கு ஒரு கடிதம் போட்டுக் கேளுங்கள்.

அடுத்து கேக். வீட்டிலிருந்து யாரும் எதுவும் கொண்டுவரக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். பணக்காரப் பிள்ளைக்கும் அதே சட்டம்தான். “உங்கள் பிரியத்தைக் காணிக்கைப் பெட்டியில் போடுங்கள்” என்று பெற்றோரிடம் நேரில் போய்ச் சொல்ல வேண்டும், வாட்ஸ்அப்பில் போட்டால் மனவருத்தம் வரும். நாங்கள் மாதத்தில் ஒரு ஞாயிறு, அந்த மாதத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் சேர்த்துச் செய்தோம். ஒரு டப்பா வைத்து ஆளுக்கு மாதம் 10 ரூபாய். யார் போட்டார்கள், யார் போடவில்லை என்று எழுதிவைக்கவே மாட்டோம். அந்தப் பணத்தில் என்ன கிடைக்குமோ அது. நெல்லையில் இருந்தபோது கால் கிலோ அல்வாவை வாழையிலைத் துண்டில் வைத்துக் கொடுத்தோம். தூத்துக்குடிப் பக்கம் போனபோது ஆளுக்கு ஒரு மக்ரூன். முட்டை வெள்ளைக்கருவும் முந்திரியும் சர்க்கரையும்தான் அது, வாயில் வைத்தால் கரைந்துவிடும். கேக் எங்கே என்று ஒரு பிள்ளைகூடக் கேட்டதில்லை.

உணவைவிட நாங்கள் முக்கியமாக வைத்தது வேதத்திலுள்ள சங்கீதம். எத்தனை வயது ஆகிறதோ அந்த எண்ணுள்ள சங்கீதத்தை எல்லாரும் சேர்ந்து வாசிப்போம். பதினைந்துக்கு ஐந்தே வசனம். பதினேழில் “கண்மணியைப்போல” காத்தருளும் என்று வரும் இடத்தில் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும். பதின்மூன்றாம் சங்கீதம் “கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்” என்று ஆரம்பிக்கும். பிறந்தநாளுக்கு இதையா வாசிப்பது என்று ஆரம்பத்தில் எனக்கே தயக்கமாக இருந்தது. ஆனால் அந்த வயதுப் பிள்ளைகள் அதை அவ்வளவு நிஜமாக வாசித்தார்கள். ஆறே வசனத்தில் “கர்த்தர் எனக்கு நன்மைசெய்தபடியால் அவரைப் பாடுவேன்” என்று முடிந்துவிடும்.

லெந்து பற்றிக் கேட்டீர்கள். லெந்து தொடங்கும் சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தின நாள் வரை எண்ணினால் 46 நாள் வரும். அதில் ஆறு ஞாயிற்றுக்கிழமையைக் கழித்துத்தான் நாற்பது. ஞாயிறு எப்போதும் உயிர்த்தெழுதலின் நாள், உபவாசக் கணக்கில் சேராது. அதனால் லெந்து ஞாயிறு மாலையில் ஜெபமும் சங்கீதமும் வைக்க எந்தத் தடையும் இல்லை. இனிப்பை மட்டும் ஈஸ்டருக்குத் தள்ளிவைத்துக்கொள்ளுங்கள். மார்ச்சில் பத்து, பன்னிரண்டு படிக்கிற பிள்ளைகளுக்குப் பொதுத்தேர்வு வேறு இருக்கும், கூட்டத்துக்கே வரமாட்டார்கள். அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பத்து நிமிஷம் ஜெபித்துவிட்டு வாருங்கள்.

பதில்: வேதம் மட்டும்

சகோதரிக்குத் தாழ்மையாகச் சொல்கிறேன். வேதத்தில் பிறந்தநாள் கொண்டாடினவர்கள் பார்வோனும் ஏரோதும்தான். ஒரு விருந்தில் சுயம்பாகிகளின் (அப்பம் சுடுகிறவர்களின்) தலைவனைத் தூக்கில் போட்டார்கள், மற்றதில் யோவான்ஸ்நானகனின் தலை போனது. இது நமக்கு வேண்டுமா என்று யோசியுங்கள். எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்குச் செய்வதில்லை.

பதில்: ஐயரம்மா (ஓய்வு)

தம்பி, உங்கள் வீட்டு வழக்கத்தை மதிக்கிறேன். ஏரோதின் விருந்தை நானும் பிள்ளைகளுக்குப் பாடமாகச் சொல்லியிருக்கிறேன். அங்கே ஒரு சிறுபெண்ணை விருந்தாளிகள் முன்னால் ஆடவிட்டு, அவள் வாயால் ஒரு கொலையைக் கேட்கவைத்தார்கள். ஒரு பிள்ளையை நடுவில் நிறுத்தி வேடிக்கை பார்க்கிற விருந்து அது. நம்மிடம் ஒரு பிள்ளையின் தலையில் கைவைத்து ஜெபிக்கிறோம். இரண்டும் எனக்கு ஒன்றாகத் தெரியவில்லை.

பாளை அக்காவுக்கு: உங்கள் கூட்டத்திலும் இப்படிப்பட்ட குடும்பத்துப் பிள்ளை இருந்தால் பட்டியலில் பெயர் எழுதுமுன் பெற்றோரிடம் கேட்டுவிடுங்கள்.

பதில்: விடுதிக் காப்பாளர்

அக்கா, நான் ஒரு பெண்கள் விடுதியில் இருக்கிறேன். தேதி தெரியாத பிள்ளைகள் எங்களிடம் உண்டு. பதிவேட்டிலும் கிடைக்கவில்லை என்றால் இதைச் செய்துபாருங்கள்.

களக்காட்டுப் பக்கம் டோனாவூரில் மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1901இல் பிள்ளைகளைச் சேர்த்து வளர்க்கத் தொடங்கினார் அல்லவா? அங்கே பிறந்தநாளுக்குப் பதிலாக ஒவ்வொரு பிள்ளையும் அந்த வீட்டுக்கு வந்த நாளைக் கொண்டாடினார்கள். அதைக் கேள்விப்பட்டபின் எங்கள் விடுதியிலும் ‘வந்த நாள்’ வைத்தோம். எங்களிடம் சேர்ந்த தேதி ஆபீஸ் நோட்டில் இருக்கும். அன்று காலை அந்தப் பிள்ளை எந்த வேலையும் செய்ய வேண்டாம், மற்றவர்கள் செய்வார்கள். தலைக்கு எண்ணெய் தேய்த்துப் பின்னிவிடுவது நான். பல பிள்ளைகளுக்கு வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் வேறொருவர் கை தலையில் படுகிறது. அதனால் அவசரப்படாமல் அரை மணி நேரம் உட்கார்ந்து பின்னுவேன்.

உங்கள் பிள்ளை ஐக்கியத்துக்கு முதன்முதலாக வந்த ஞாயிறு உங்களுக்கு நினைவிருந்தால் அதையே வைக்கலாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். முகத்தில் கேக் பூசுவதையும் ஸ்னோ ஸ்ப்ரேயையும் முழுசாகத் தடைசெய்யுங்கள். மெழுகுவர்த்தி எரியும்போது எங்கள் பிள்ளை ஒருத்தி அந்த ஸ்ப்ரேயை அடித்து, பக்கத்தில் நின்றவளின் முன்முடி பொசுங்கிவிட்டது. அதில் இருக்கும் வாயு தீப்பற்றும். கண் தப்பியது கர்த்தருடைய கிருபை. அப்புறம், பிறந்த தேதியோடு பிள்ளைகளின் படத்தை ஸ்டேட்டஸில் போடாதீர்கள். வீட்டில் கேட்டு, சரி என்றால் மட்டும் படம் எடுங்கள்.

பதில்: காலேஜ் முதல் வருஷம்

அக்கா, நான் இப்படி ஒரு ஐக்கியத்தில் ஐந்து வருஷம் இருந்த பிள்ளை. எங்கள் வீட்டில் கஷ்டம்தான். பிறந்தநாள் வாரம் வந்தால் வயிற்றுவலி என்று சொல்லி வராமல் இருந்துவிடுவேன், இரண்டு வருஷம் அப்படிச் செய்தேன். உங்கள் பட்டியலில் யாராவது பிறந்தநாள் வாரத்தில் மட்டும் வராமல் இருக்கிறார்களா என்று பாருங்கள்.

மூன்றாம் வருஷம் எங்கள் அக்கா ஒரு நோட்டுத்தாளை எல்லாரிடமும் சுற்றவிட்டு, என்னைப் பற்றி ஆளுக்கு ஒரு வரி எழுதவைத்துக் கொடுத்தார்கள். பொதுவாக எழுதக் கூடாது, நடந்த ஒன்றை எழுத வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். “மழையில் உன் குடையை எனக்குத் தந்துவிட்டு நீ நனைந்துகொண்டு போனாய்” என்று ஒருத்தி எழுதியிருந்தாள். எனக்கே அது மறந்துபோயிருந்தது. அந்தத் தாள் இன்னும் என் பைபிளுக்குள் இருக்கிறது.

பதில்: பாளை அக்கா

எல்லாருக்கும் நன்றி. ஐயரம்மா சொன்ன மறுநாளே சேகரத் தலைவர் ஐயாவிடம் போய்க் கேட்டேன். பீரோவிலிருந்து பழைய பதிவேட்டை எடுத்துத் தந்தார். அட்டையோரம் செல்லரித்திருந்தாலும் எழுத்து அழியவில்லை. மூன்று வருஷத்துப் பக்கங்களைப் புரட்டியபின் பாட்டி பெயரைப் பிடித்தேன், அவர்தான் குழந்தையை ஏந்தி நின்றிருக்கிறார். பிறந்த தேதி அக்டோபர் 12. ஞானத்தாயாக எழுதியிருந்தவர் இன்றும் எங்கள் பாடகர் குழுவில் இருக்கிறார். அவரிடம் சொன்னதும் வாயில் கைவைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிள்ளையின் அம்மாவும் அவரும் ஒரே வகுப்பில் படித்தவர்களாம். சாவுக்குப் பிறகு அந்த வீட்டுக்குப் போகவே மனம் வராமல் வருஷம் ஓடிவிட்டது என்றார்.

அக்டோபரின் இரண்டாம் ஞாயிறு நடத்தினோம். வீட்டிலிருந்து கேக் கிடையாது என்று பெற்றோர் எல்லாரிடமும் நேரில் போய்ச் சொல்லியிருந்தேன். இரண்டு கிலோ அனுப்பிய அந்த அப்பா, “நானும் வெளியில மத்தவங்க செய்யறதப் பாத்துதான் வாங்கினேன் டீச்சர்” என்றார். பீடி சுற்றும் அம்மாவின் கடனுக்கு ஐயா வழி செய்திருக்கிறார், அதை இங்கே விவரமாக எழுதமாட்டேன்.

பதின்மூன்றாம் சங்கீதத்தைத்தான் வாசித்தோம். பாதிப் பாதியாகப் பிரிந்து மாற்றி மாற்றி வாசித்தபோது முதல் வசனத்தில் அவள் குரல் வெளியே வரவில்லை. ஞானத்தாய் பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்காக வாசித்தார். கடைசி வசனத்தை அவளே வாசித்தாள். பாட்டியைப் பின்வரிசையில் உட்காரவைத்திருந்தோம். அல்வாவைத் தின்னாமல் இலையோடு மடித்து வைத்துக்கொண்டார், “அவ அப்பன் வந்தா காட்டணும்” என்று.

காலேஜ் தங்கச்சி சொன்னபடி வருகைப் பதிவையும் பார்த்தேன். பிறந்தநாள் வாரத்தில் மட்டும் வராத பிள்ளைகள் இரண்டு பேர் இருக்கிறார்கள். இவ்வளவு நாள் என் கண்ணில் படவில்லை. ஒருத்திக்கு ஜனவரி, ஒருத்திக்கு பிப்ரவரி. இரண்டு வீட்டுக்கும் இந்த வாரமே போகிறேன்.

நவம்பரில் மூன்று பேர். ஒருத்திக்கு 18 ஆகிறது. பதினெட்டாம் சங்கீதத்தில் ஐம்பது வசனம் இருக்கிறது, முழுசும் வாசித்தே ஆக வேண்டும் என்று பிள்ளைகள் ஒரே பிடிவாதம். ஆளுக்கு இரண்டு மூன்று வசனம் என்று இப்போதே பிரித்து எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.