லொறித் தியரி: மூண்டையும் ஒண்டாச் செய்யிறதோ, பிரிச்சுச் செய்யிறதோ?

புதுச்சாரதி

எல்லாருக்கும் வணக்கம். பிரித்தானியக் கார் லைசன்ஸ் இருக்கு. டி2, டி4 படிவம் அனுப்பி லொறிக்கான கேட்டகிரி சி புரொவிஷனலும் (பழகுநர் லைசன்ஸ்) வந்திட்டுது. இப்ப தியரிக்குப் புக் பண்ணப் போனால் மல்டிபிள் சொய்ஸ், ஹசார்ட் பெர்செப்ஷன் (வீடியோக் கிளிப்பில ஆபத்தைக் கண்டு கிளிக் பண்ணுறது), சி.பி.சி (தொழில்முறைச் சாரதித் தகுதி) கேஸ் ஸ்டடி எண்டு மூண்டு தனித்தனியாக் கிடக்கு.

மூண்டையும் ஒரே நாளில வைக்கலாமோ, ஒவ்வொண்டாப் போறதோ நல்லது? ஓட்ட மணித்தியாலச் சட்டம் வாசிக்க வாசிக்கக் குழம்புது. 9, 10, 11, 45, 56, 90 எண்டு எல்லாம் இலக்கம். எப்பிடி மனசில நிறுத்துறது? ஹசார்ட் கிளிப் கார்ச் சோதனை மாதிரியேதானோ? ஆங்கிலம் வாசிப்பன், ஆனால் ஆறுதலாத்தான். தமிழில கேக்க ஏதும் வழி இருக்கோ?

ஆறச்சு

தம்பி, முதல்ல எதுக்கு என்ன தேவை எண்டதைச் சொல்லுறன்.

மல்டிபிள் சொய்ஸ்: 100 கேள்வி, 1 மணித்தியாலம் 55 நிமிடம், 85 எடுக்க வேணும். 26 பவுண். ஹசார்ட்: 19 கிளிப், 100க்கு 67. 11 பவுண். சி.பி.சியில நாலு பகுதி, இந்த ரெண்டும் சேர்ந்ததுதான் பகுதி 1. கேஸ் ஸ்டடி பகுதி 2: 7 கதை, ஒவ்வொண்டிலயும் 6 முதல் 8 கேள்வி, 75 நிமிடம், 50க்கு 40. 23 பவுண். ஆக 60 பவுண். அரசாங்கத் தளத்தில மட்டும் புக் பண்ணுங்கோ. தேடேக்க மேல விளம்பரமா வாற தளங்கள் அதே இடத்தை எடுத்துத் தந்து மேலதிகக் காசு அறவிடும்.

பகுதி 2க்குப் போக பகுதி 1 பாஸ் பண்ணியிருக்க வேண்டியதில்லை. பலருக்கு இது தெரியாது. ஒண்டில தவறினாலும் மற்றதின்ர பெறுபேறு அப்பிடியே நிக்கும். தவறினதை மட்டும் 3 வேலைநாள் கழிச்சுத் திரும்பச் செய்யலாம்.

என்ர கருத்து: மல்டிபிள் சொய்ஸும் கேஸ் ஸ்டடியும் ஒரே படிப்பு. மணித்தியாலச் சட்டம், டக்கோகிராஃப் (ஓட்டத்தையும் ஓய்வையும் பதியிற கருவி), பாரம் கட்டுறது, வாகனச் சோதனை எல்லாம் ரெண்டிலயும் வரும். அதால அந்த ரெண்டையும் கிட்டக்கிட்ட வையுங்கோ, இடையில ஒரு கிழமைக்கு மேல விடாதேங்கோ. ஹசார்டுக்கு வேற பழக்கம், அதைத் தனி நாளில வைக்கலாம். மூண்டையும் ஒரே நாளில வைக்கிறது ஏலாத காரியமில்லை. ஆனால் ஆங்கிலம் ஆறுதலா வாசிக்கிற ஆளுக்கு ரெண்டு மணித்தியாலம் வாசிச்ச கண்ணோட ஹசார்ட் கிளிப் பார்க்கிறது வீண் சோதனை.

ஒரு கணக்கை மறக்காதேங்கோ. பகுதி 1இன் ரெண்டு துண்டையும் 2 வருசத்துக்குள்ள பாஸ் பண்ண வேணும். முதல் பாஸ் பண்ணின துண்டின்ர திகதியில இருந்து 2 வருசத்துக்குள்ள ஓட்டச் சோதனையும் முடிய வேணும். ஹசார்டை இண்டைக்கு முடிச்சிட்டு மற்றதை இழுத்தடிச்சால் அந்த மணிக்கூடு ஓடிக்கொண்டே இருக்கும்.

தமிழ்க் குரல் முந்தி இருந்தது. 2014 ஏப்ரல் 7இல வெளிநாட்டு மொழிக் குரல் எல்லாத்தையும் நிப்பாட்டிட்டினம். இப்ப ஆங்கிலக் குரலை ஹெட்ஃபோனில கேக்கலாம். புக் பண்ணேக்கயே அதைத் தெரிவு செய்ய வேணும். வாசிப்பில உண்மையான குறைபாடு இருந்தால் ஆதாரம் குடுத்து மேலதிக நேரமும் கேக்கலாம்.

டக்கோப்பெட்டி

மணித்தியாலச் சட்டத்தைப் பாடமாக்கினால் கட்டாயம் குழம்பும். ஒரு தாளில 24 மணித்தியாலத்துக்கு ஒரு கோடு கீறி, அதில வேலையை நிரப்பிப் பாருங்கோ. கேஸ் ஸ்டடியில வாறதும் அப்பிடி ஒரு நாள்தான்.

காலமை 6.00க்குத் தொடக்கம் எண்டு வையுங்கோ. 6.00 முதல் 6.15 வரை லொறியைச் சுற்றிப் பார்க்கிறது. இது ஓய்வில்லை, 'மற்ற வேலை'. டக்கோவில ரெண்டு சுத்தியல் குறுக்கா இருக்கிற அடையாளம். 6.15 முதல் 8.15 வரை ஓட்டம், ஸ்டியரிங் அடையாளம். 8.15 முதல் 8.35 வரை இடைவேளை, கட்டில் அடையாளம். 8.35 முதல் 10.35 வரை ஓட்டம். இப்ப மொத்தம் 4 மணித்தியாலம் ஓடியாச்சு. 10.35 முதல் 11.20 வரை சாமான் இறக்கினீங்கள், 45 நிமிடம். இதுக்குப் பிறகு எவ்வளவு நேரம் ஓடலாம்?

அரை மணித்தியாலம் மட்டும். இறக்கினது 45 நிமிடமெண்டாலும் அது வேலை, இடைவேளை இல்லை. 4½ மணித்தியால ஓட்டத்துக்கு 45 நிமிட இடைவேளை வேணும். 8.15க்கு எடுத்த 20 நிமிடம் முதல் துண்டாக் கணக்கு (ஆகக் குறைஞ்சது 15). 11.50க்கு நிப்பாட்டி 30 நிமிடம் எடுத்தால்தான் கணக்குத் திரும்பச் சுழியத்தில தொடங்கும்.

அதே கோட்டில நாளாந்த ஓய்வையும் பாருங்கோ. 6.00க்குத் தொடங்கினால் அடுத்த நாள் 6.00க்குள்ள 11 மணித்தியாலம் தொடர் ஓய்வு அடங்க வேணும். ஆக 19.00க்கு வேலை முடிய வேணும். அந்த 11ஐ 9 ஆக்கலாம், அப்ப 21.00. ரெண்டு கிழமை ஓய்வுக்கு இடையில மூண்டு தரம்தான் அப்பிடிக் குறைக்கலாம். 13, 15 எண்ட இலக்கங்களைத் தனியாப் பாடமாக்கத் தேவையில்லை. 24இல இருந்து கழிச்சால் வரும்.

56உம் அப்பிடித்தான். ஒரு நாள் ஓட்டம் 9, கிழமையில ரெண்டு நாள் 10 வரை போகலாம். ஆறு நாள் ஓடினால் 10 + 10 + 9 + 9 + 9 + 9 = 56. ரெண்டு கிழமைக்கு 90. ஆக ஒரு கிழமை 56 ஓடினால் அடுத்த கிழமை 34தான். கிழமை ஓய்வு 45, அதை 24 ஆக்கலாம். குறைச்சதை அந்தக் கிழமைக்குப் பிறகு வாற மூண்டாவது கிழமை முடியிறதுக்குள்ள ஒரே துண்டாத் திருப்பி எடுக்க வேணும்.

இதுக்கு மேல வேலைநேரச் சட்டம் எண்டு வேற ஒண்டு இருக்கு. கேள்வி எழுதுறவைக்கு அது பிடிச்ச பொறி. 6.00 முதல் 9.00 வரை பாரம் ஏத்தி, 9.00க்கு ஓடத் தொடங்கினால் 12.00க்கு ஓட்டம் 3 மணித்தியாலம்தான். ஆனால் வேலை 6 மணித்தியாலம், அதுக்கு மேல இடைவேளை இல்லாமல் தொடரக்கூடாது. நாளில மொத்த வேலை 6 தொடக்கம் 9 மணித்தியாலமெண்டால் 30 நிமிடம், 9ஐத் தாண்டினால் 45. கேள்வியில ஓட்டத்தைக் கேக்கினமோ வேலையைக் கேக்கினமோ எண்டதை முதல்ல பாருங்கோ.

புதுச்சாரதி

நல்லா விளங்குது, நன்றி அண்ணை. அப்ப முதல் 30, பிறகு 15 எடுத்தாலும் சரிதானே? கூட்டினால் 45.

டக்கோப்பெட்டி

சரியில்லை. முதல் துண்டு ஆகக் குறைஞ்சது 15, ரெண்டாவது ஆகக் குறைஞ்சது 30, ஒழுங்கு மாறக்கூடாது. முதல்ல எடுத்த 30 வெறும் முதல் துண்டா நிக்கும், பிறகு எடுத்த 15 எதுக்கும் உதவாது. மூண்டு பதினஞ்சும் செல்லாது. விடைகளில 30உம் 15உம் கட்டாயம் ஒண்டாக் கிடக்கும், பாய்ஞ்சு அமத்தாதேங்கோ.

மழைக்கண்ணாடி

ஹசார்ட் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை. கன வருசம் கார் ஓடினவையும் இதில தவறுறதுண்டு.

கார்ச் சோதனையில 14 கிளிப், 75க்கு 44. இதில 19 கிளிப், 20 ஆபத்து. ஒரு கிளிப்பில ரெண்டு வரும், எதில எண்டு சொல்லமாட்டினம். ஒவ்வொண்டுக்கும் 5 முதல் 0. நாலை முற்றாத் தவறவிட்டால் மிச்சம் 16இலயும் சராசரி 4க்கு மேல எடுத்தால்தான் 67 வரும். கார்ச் சோதனையில இருந்த சலுகை இதில இல்லை.

பழகினவைக்கு வாற பிரச்சினை முந்திக் கிளிக் பண்ணுறது. உதாரணத்துக்கு, இடப்பக்கத்தில ஒரு வான் நிக்குது. ஆள் கதவைத் திறக்கக்கூடும் எண்டு உங்கட மனம் சொல்லும், உடன கிளிக் பண்ணுவீங்கள். ஆனால் அது இன்னும் வளராத ஆபத்து, புள்ளி குடுக்கிற நேரம் தொடங்கேல்லை. வான் கதவு அசையத் தொடங்கேக்க, நீங்கள் வேகத்தையோ திசையையோ மாத்த வேண்டி வரேக்கதான் 5 தொடங்குது. பிறகு பிந்தப் பிந்த 4, 3 எண்டு இறங்கும். அதால சந்தேகத்தில ஒரு கிளிக், அது உண்மையா வளரத் தொடங்கேக்க இன்னொண்டு. தேவையெண்டால் உடன மூண்டாவதும். முந்தின கிளிக்குக்குப் புள்ளி குறைக்கமாட்டினம். ஆனால் தாளம் போட்ட மாதிரி ஒரே இடைவெளியில தட்டினாலோ, கிளிப் முழுக்கத் தட்டிக்கொண்டு இருந்தாலோ அந்தக் கிளிப்புக்குச் சுழியம்.

ஒரு கிளிப்பைத் திரும்பப் பார்க்க ஏலாது. முதல் ஆபத்து முடிஞ்ச உடன கையை எடுக்காதேங்கோ. ரெண்டாவது வாறது அந்தக் கிளிப்பாவும் இருக்கலாம். பயிற்சி செய்யேக்க புள்ளியை மட்டும் பார்க்காமல், புள்ளி குடுக்கிற நேரம் எந்த நொடியில தொடங்கினது எண்டு காட்டுற அதிகாரபூர்வப் பயிற்சியைப் பாவியுங்கோ.

ஆறச்சு

மல்டிபிள் சொய்ஸில கார் அறிவு காலை வாரி விடுற இடங்கள் சில:

ரயர். காருக்கு 1.6 மில்லிமீற்றர், 3.5 தொன்னுக்கு மேற்பட்ட வாகனத்துக்கு 1 மில்லிமீற்றர், அகலத்தின்ர முக்கால்வாசிக்கு. 1.6 எண்ட விடையும் பக்கத்தில கிடக்கும்.

வேகம். 7.5 தொன்னுக்கு மேல எண்டால் இங்கிலாந்திலயும் வேல்ஸிலயும் ஒற்றை வீதி (நடுவில பிரிப்பு இல்லாதது) 50, இரட்டை வீதி (நடுவில பிரிப்பு உள்ளது) 60, மோட்டர்வே 60 மைல். ஸ்கொட்லாந்தில 40, 50, 60. லொறியில இருக்கிற வேகக் கட்டுப்படுத்தி 56இல நிப்பாட்டும். ஆனால் சட்ட எல்லையைக் கேட்டால் 56 விடையில்லை. மூண்டு அல்லது கூடின ஒழுங்கை உள்ள மோட்டர்வேயில வலக்கரை ஒழுங்கைக்குப் போகக்கூடாது.

உயரம். உயரப் பலகை இல்லாத பாலத்துக்குக் கீழ ஆகக் குறைஞ்சது 16 அடி 6 அங்குலம் இருக்கும், மீற்றரில 5.03. அடியிலயும் மீற்றரிலயும் ரெண்டாலயும் தெரிஞ்சிருக்க வேணும்.

எடை. ரெண்டு அச்சு 18 தொன், மூண்டு 26, நாலு 32, ஆறச்சு ஆர்ட்டிக் (இழுவையும் ட்ரெய்லரும் இணைஞ்ச லொறி) 44. இது லொறியும் பாரமும் சேர்த்து. அதோட ஒரு காரணக் கேள்வி: பின்பக்கச் சாமானை முதல் இறக்கினால் எந்த அச்சில பாரம் கூடும்? முன் அச்சில. பின்னால தொங்கின பாரம் முன்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு இருந்தது, அதை எடுத்திட்டால் முன் அச்சு எல்லையைத் தாண்டலாம். மொத்த எடை சரியா இருந்தாலும் குற்றம்தான்.

பாரம் கட்டுறது. கட்டின பட்டியள் முன்பக்கத்துக்குப் பாரத்தின்ர முழு எடையையும், பக்கவாட்டுக்கும் பின்னுக்கும் பாதி எடையையும் தாங்க வேணும். பிறேக் அடிக்கேக்க சாமான் முன்னுக்குத்தான் போகும் எண்டதை நினைச்சால் மறக்காது.

காற்றுப் பிறேக் குழாய். சிவப்பு அவசரம், மஞ்சள் சேவைப் பிறேக்.

கேஸ் ஸ்டடிக்கு ஒண்டு. கம்பனியில நடக்கிற வழக்கத்தை வைச்சு விடை சொல்லாதேங்கோ. கதையில ஒரு ரயரில வெட்டு, ஒரு லைட் எரியேல்லை எண்டு இருக்கும். 'டிப்போவுக்குப் போய்ப் பார்ப்பம்' எண்ட விடை கவர்ச்சியா இருக்கும். சரியான விடை: எழுத்தில அறிவிச்சு, திருத்துமட்டும் வீதிக்கு எடுக்காமல் விடுறது. ஒரு கதைக்குப் பத்து நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலதான் வரும். கேள்வியை முதல் வாசிச்சிட்டு, கதையில நேரம், எடை, உயரம் எங்க கிடக்கு எண்டு தேடுங்கோ.

மூன்றாம்கியர்

இடையில ஒரு கேள்வி. மனிசிக்கு 1996இல எடுத்த கார் லைசன்ஸ். அதில சி1 (7.5 தொன் வரையான லொறி) இருக்கு. 7.5 தொன் ஓட இதெல்லாம் எழுத வேணுமோ?

மழைக்கண்ணாடி

தேவையில்லை. 1997 ஜனவரி 1க்கு முதல் கார்ச் சோதனை பாஸ் பண்ணினவைக்கு சி1 தானாக் கிடைச்சது, அதால ஆரம்பச் சி.பி.சிச் சோதனைகளும் விலக்கு. ஆனால் சம்பளத்துக்கு ஓட எண்டால் 35 மணித்தியாலப் பயிற்சி முடிச்சு சி.பி.சி கார்ட் எடுக்க வேணும், பிறகு ஐஞ்சு வருசத்துக்கு ஒருக்கா அதே 35. லைசன்ஸில சி1 இன்னும் செல்லுபடியோ எண்டு திகதியைப் பாருங்கோ.

புதுச்சாரதி

மல்டிபிள் சொய்ஸுக்கும் கேஸ் ஸ்டடிக்கும் நாலு நாள் இடைவெளியில புக் பண்ணியாச்சு, ஆங்கிலக் குரலோட. ஹசார்ட் அடுத்த மாதம். அண்டைக்கு என்ன கொண்டு போறது?

ஆறச்சு

போட்டோ உள்ள லைசன்ஸ் அட்டை. அது இல்லாட்டி உள்ளுக்கு விடமாட்டினம், காசும் போயிடும். போன், மணிக்கூடு எல்லாம் லொக்கரில வைக்கச் சொல்லுவினம். தொடங்க முதல் பயிற்சிக் கேள்வி கொஞ்சம் தருவினம், அதில ஹெட்ஃபோன் சத்தம் சரியோ எண்டு பார்த்திடுங்கோ. விளங்காத கேள்வியைக் கொடி போட்டு விட்டிட்டு அடுத்ததுக்குப் போங்கோ; கடைசியில திரும்பி வரலாம். பகுதி 1இன் ரெண்டு துண்டும் பாஸ் பண்ணினால் வாற சான்றிதழில இருக்கிற இலக்கத்தைப் படம் எடுத்து வையுங்கோ, ஓட்டச் சோதனை புக் பண்ண அது வேணும். கேஸ் ஸ்டடிப் பாஸ் கடிதத்தின்ர இலக்கம் பகுதி 4க்கு (செய்து காட்டுற சோதனை).