குழந்தைகளோடு கடற்கரை: மனசை விட்டுப் போகாத அந்த ஒரு நிமிஷம்

(பிள்ளைங்களோட கடற்கரையில நீங்க பார்த்து மறக்க முடியாத ஒரு நிமிஷத்தையும், அதுல கத்துக்கிட்டதையும் எழுதுங்கன்னு ஒரு குழுவுல கேட்டதுக்கு வந்த பதில்கள்.)

உப்புக்காத்து:
ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) பக்கம், ஆடி மாசம், காலை நேரம். கடல் குளம் மாதிரி கிடந்தது. ட்யூப்ல அஞ்சு வயசுப் பையன், முழங்கால் தண்ணியில அப்பா, கையில போன். ட்யூப் நகர்றதை அலை இழுக்குதுன்னு யாரும் நினைக்கல, ஏன்னா அலையே இல்ல. அவர் நிமிர்ந்து பார்த்தப்போ கைக்கு எட்டல. நீந்த ஆரம்பிச்சார், ட்யூப் அவரைவிட வேகமாப் போச்சு. வலை இழுத்துட்டிருந்த ஃபைபர் போட்டுக்காரங்க திரும்பி வந்து பையனைத் தூக்கினாங்க.

தள்ளினது மேல்காத்து. ஆனி ஆடியில நம்ம கிழக்குக் கரையில காத்து தரையிலேருந்து கடலுக்கு வீசும். அதனாலதான் கரையோரம் அலை அமுங்கி அழகாத் தெரியும். கடல்காத்து திரும்ப மதியம் தாண்டும், சில நாள் திரும்பவே திரும்பாது. தண்ணியில இறங்குறதுக்கு முன்னாடி காய்ஞ்ச மணல் ஒரு பிடி எடுத்து இடுப்பு உயரத்துலேருந்து விட்டுப் பாருங்க. தூசி கடல் பக்கம் பறந்தா ட்யூப், காத்தடிச்ச படுக்கை எதையும் வண்டியிலேருந்து இறக்கக் கூடாது. பந்து போனா போகட்டும், பின்னாடி நீந்தாதீங்க.

தெக்கத்திக்கரை:
காத்து சரி. ஆனா "அலை இருந்தா இழுக்கும், இல்லைன்னா இழுக்காது"ங்கிற எண்ணத்தையே முதல்ல விடணும். கன்னியாகுமரி மாவட்டத்துல ஒரு கடற்கரை. ரெண்டு பக்கமும் அலை வெள்ளையா உடையுது, நடுவுல பத்துப் பதினஞ்சு அடிக்கு மட்டும் உடையவே இல்ல. ஒரு அம்மா ரெண்டு பிள்ளைங்களையும் கூட்டிட்டு வந்து சரியா அந்த இடத்துலதான் விட்டாங்க: "இங்கதான்டா அலை இல்ல, இங்க விளையாடுங்க." சின்னவனோட செருப்பு ஒண்ணு தண்ணியில விழுந்தது. கரைக்குத் திரும்பி வரல, நேரா உள்ளே போச்சு. அதைப் பார்த்த பாட்டி ஒருத்தங்க கத்தினதாலதான் பிள்ளைங்க மேலே ஏறினாங்க.

கரையில ஏறின தண்ணி எல்லாம் திரும்பிப் போற வாய்க்கால் அது. மணல்திட்டு அறுந்து பள்ளமான இடம், ஆழம் இருக்கிறதாலதான் அலை உடையல. நிறம் கருத்திருக்கும், இல்லைன்னா மணல் கலங்கி நுரை உள்ளே நகரும். கால் மணி நேரம் கரையில நின்னு கவனிச்சா தெரியும். மாட்டினா கரையை நோக்கி எதிர்த்து நீந்தக் கூடாது, கரைக்கு இணையா பக்கவாட்டுல விலகணும். அது அடியில அமுக்காது, வெளியேதான் கொண்டுபோகும். மிதந்தபடி ஒரு கையைத் தூக்கிக் காட்டணும். சின்னப் பிள்ளைக்கு இதெல்லாம் வராது. அதனால இறங்கும்போதே பெரியவங்க கை எட்டுற தூரத்துல, கடல் பக்கமா நிக்கணும், கரைப் பக்கமா இல்ல.

கள்ளக்கடல் எச்சரிக்கை வந்தா கணுக்கால் தண்ணிகூட வேண்டாம். தெற்கே ரொம்ப தூரத்துல எழும்பின அலை, இங்க காத்து மழை ஒண்ணுமில்லாத வெயில் நாள்ல வந்து ஏறும். 2024 மே 6-ல இதே மாவட்டத்து லெமூர் கடற்கரையில பயிற்சி மருத்துவர்கள் அஞ்சு பேர் அலையில சிக்கி இறந்து போனது அப்படி ஒரு எச்சரிக்கை இருந்த நாள்லதான். ஐதராபாத்துல இருக்கிற கடல் தகவல் மையம் இன்காய்ஸ் வெளியிடுற அறிவிப்பைக் கிளம்புற அன்னிக்குக் காலையில பாருங்க.

மண்டபத்துக்காரி:
தனுஷ்கோடியில ஒரு குடும்பம், தாத்தா சொல்லிட்டிருக்கார்: "இந்தப் பக்கம் பெண்கடல், சாதுவா இருக்கும், பிள்ளைகளை இறக்கு." அது கார்த்திகை மாசம். பாக் நீரிணைப் பக்கம் வாடை (வடகிழக்குக் காத்து) நேரா அடிச்சு அலை கல்லுல மோதிட்டு இருந்துச்சு. பேத்தி கையை அவர் விடாம இழுக்கிறார், பிள்ளை அழுவுது. பேர்ல இருக்கிற சாது எல்லா மாசத்துக்கும் இல்லைங்க. வாடைக் காலத்துல அந்தப் பக்கம் கொந்தளிக்கும், தென்மேற்குக் காத்துல மன்னார் வளைகுடாப் பக்கம். தனுஷ்கோடியோட கடைசி முனையான அரிச்சல்முனையில எந்த மாசமும் குளிக்க இறங்க வேண்டாம், ரெண்டு கடலும் சேர்ற இடம். சித்திரை வைகாசியில பிள்ளைங்க விளையாடணும்னா ராமநாதபுரம் மாவட்டத்து அரியமான் கடற்கரைக்குப் போங்க, கரை ரொம்ப தூரத்துக்கு ஆழமில்லாம போகும்.

கடல்நண்டு:
நீல நிற நீச்சல் உடை வாங்காதீங்க. தண்ணிக்குள்ள ரெண்டடி போனாலே கண்ணுக்குத் தெரியாது. பளிச்னு ஆரஞ்சு, இல்லைன்னா ரோஸ்.

பெசன்ட்நகர்வாசி:
ஜெல்லி மீனைப் பத்தி யாரும் சொல்லலையே. கரையில ஒதுங்கின ப்ளூ பாட்டிலை (நீலப் பை மாதிரி மிதக்கிற, கொட்டுற ஜெல்லி வகை) ஒரு பாப்பா குச்சியால தூக்கினா, நீல நூல் மணிக்கட்டுல சுத்திக்கிச்சு. பக்கத்துல இருந்தவர் நல்ல மனசோடதான் ஈர மணலைப் போட்டுத் தேய்ச்சார். கோடு கோடா இருந்தது ஒரே சிவப்புப் பட்டையா ஆயிடுச்சு.

செத்துக் காய்ஞ்சாலும் அந்த நூல்ல விஷப்பை வேலை செய்யும். தேய்க்கக் கூடாது, நல்ல தண்ணி ஊத்தக் கூடாது. கடல் தண்ணியால கழுவி, இடுக்கியால நூலை எடுக்கணும். அப்புறம் 45 டிகிரிக்கு மேல போகாத சுடுதண்ணியில 20 நிமிஷம். முதல்ல பெரியவங்க தன் கையை வச்சுப் பார்க்கணும், பிள்ளைத் தோல் சீக்கிரம் வெந்துடும். ஃபிளாஸ்க்ல வெந்நீர் கொண்டுபோறதுக்கு இதுவும் ஒரு காரணம். மூச்சுத் திணறல், வாந்தி, கண்ணுல பட்டது, இதுல எது இருந்தாலும் நேரா ஆஸ்பத்திரி.

உப்புக்காத்து:
வினிகர் ஊத்தச் சொல்வாங்களே?

பெசன்ட்நகர்வாசி:
அது பெட்டி ஜெல்லிக்கு. ப்ளூ பாட்டிலுக்கு ஊத்தாதீங்க, மிச்சமிருக்கிற விஷமும் இறங்கலாம்.

வார்டுசெவிலி:
நான் சொல்ல வந்தது வேற. மூணு வயசுக் குழந்தையைத் தண்ணியிலேருந்து எடுத்தாங்க, மூச்சு இல்ல. ஒருத்தர் தலைகீழாப் பிடிச்சு சுத்துறார், இன்னொருத்தர் வயித்தை அமுக்குறார். கூட்டம் அதைத்தான் சரின்னு நம்புது. போன அந்த நிமிஷங்கள் திரும்பாது.

வயித்தை அமுக்கினா வாந்தி நுரையீரலுக்குப் போகும். கெட்டியான இடத்துல மல்லாக்கப் படுக்க வச்சு, தலையை லேசா நிமிர்த்தி, மூக்கை மூடி, நெஞ்சு மேலெழும்புற அளவுக்கு ரெண்டு தடவை ஊதணும். நீரில் மூழ்கினதுல காத்துதான் முதல் மருந்து. அப்புறம் நெஞ்சு நடு எலும்போட கீழ்ப்பாதியில 30 அமுக்கு, சுமார் 5 செ.மீ. ஆழம், நிமிஷத்துக்கு 100-லேருந்து 120 வேகம். திரும்ப ரெண்டு ஊது. ஒரு வயசுக்குக் கீழேன்னா நெஞ்சை ரெண்டு கையாலயும் சுத்திப் பிடிச்சு ரெண்டு கட்டைவிரலால, 4 செ.மீ. வாந்தி வந்தா ஒருக்களிச்சுத் துடைச்சுட்டு தொடரணும். இன்னொருத்தர் 108-ஐக் கூப்பிடணும். குழந்தை எழுந்து பேசினாலும் ஆஸ்பத்திரியில காட்டணும், இருமலும் வேகமான மூச்சும் சில மணி நேரம் கழிச்சு வரலாம்.

கேட்கலைன்னாலும் சொல்லிடறேன். ஆறு மாசத்துக்குக் கீழே இருக்கிற குழந்தைக்கு நிழல்தான், சன்ஸ்கிரீன் இல்ல, குடிக்கத் தண்ணியும் இல்ல, தாய்ப்பாலை அடிக்கடி கொடுங்க. பெரிய பிள்ளைங்களுக்கு எஸ்பிஎஃப் 30, ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை, நனைஞ்சதும் மறுபடி. ஓஆர்எஸ் பெரிய பாக்கெட் முழுசையும் ஒரு லிட்டர் தண்ணியில கரைக்கணும், பாதி பாக்கெட்டைக் கண்ணளவுல தம்ளர்ல போடக் கூடாது. மணல்ல குழி தோண்டினா இருக்கிறதுலயே சின்னப் பிள்ளையோட முழங்கால் ஆழத்தோட நிறுத்தி, கிளம்பும்போது மூடிடுங்க. சுவர் சரிஞ்சா உள்ளே இருக்கிற பிள்ளையால கத்தக்கூட முடியாது. போன் நம்பரைச் சன்ஸ்கிரீன் தடவுறதுக்கு முன்னாடி கையில பால்பாயிண்ட் பேனாவால எழுதி, காய விடுங்க.