நாமே ஏமாந்து அனுப்பிய பணம் எந்த நாட்டில் திரும்பக் கிடைக்கும்?

தெற்குவாசல்:
சித்தப்பாவுக்கு வயது 71. போன வாரம் ஒருவன் போலீஸ் உடையில் வீடியோ காலில் வந்து, உங்கள் ஆதாரில் போதைப் பார்சல் பிடிபட்டிருக்கிறது, யாரிடமும் பேசக்கூடாது என்று மூன்று மணி நேரம் மிரட்டியிருக்கிறான். சித்தி சாப்பிடக் கூப்பிட்டும் கதவைத் திறக்கவில்லை. 4 லட்சம் போய்விட்டது. "நீங்களே அனுப்பியிருக்கிறீர்கள், எங்கள் பொறுப்பு இல்லை" என்கிறது வங்கி. லண்டனில் வங்கியே தந்துவிடும் என்கிறார்களே, உண்மையா?

ஈஸ்ட்ஹாம்வாசி:
உண்மைதான். 2024 அக்டோபர் 7 முதல் இங்கே அது கட்டாயம். உள்நாட்டுக் கணக்குக்கு ஏமாந்து அனுப்பியிருந்தால் 85,000 பவுண்டு வரை, பெரும்பாலும் ஐந்து வேலை நாளில் தந்துவிட வேண்டும். இதில் பெரிய விஷயம் என்னவென்றால், பாதியை அனுப்பிய வங்கியும் பாதியைத் திருடனின் கணக்கை வைத்திருந்த வங்கியும் ஏற்க வேண்டும். அதனால் திருடர்களுக்கு வாடகைக்கு விட்ட கணக்குகளைப் பிடிக்கும் அக்கறை இரண்டு பக்கமும் வருகிறது. வெளிநாட்டுக்கு அனுப்பியிருந்தால் மட்டும் இது பொருந்தாது.

சிங்கைத் தமிழன்:
சிங்கப்பூரில் அவ்வளவு இல்லை. 2024 டிசம்பரில் வந்த பொறுப்புப் பகிர்வு முறை, போலி இணையதளத்தில் விவரம் கொடுத்து ஏமாந்தவர்களுக்குத்தான். தானே அனுப்பினால் கிடையாது. ஆனால் 2025 ஜூலை முதல், மோசடி என்று சொல்லியும் நம்பாதவரின் கணக்கைப் போலீஸே கொஞ்ச நாள் முடக்கி வைக்கலாம். உங்கள் சித்தப்பா மாதிரி பயத்தில் உறைந்து போனவர்களுக்கு அதுதான் உதவும் என்று நினைக்கிறேன்.

ஓய்வுபெற்ற கேஷியர்:
தம்பி, ரிசர்வ் வங்கி 2017-இல் கொண்டுவந்த விதி ஒன்று இருக்கிறது. வங்கி மேலும் உங்கள் மேலும் தவறு இல்லாமல் பணம் போய், மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் உங்களுக்கு நஷ்டம் இல்லை. ஆனால் அது நமக்குத் தெரியாமல் எடுத்த பணத்துக்கு. மிரட்டி அனுப்ப வைத்ததை வங்கிகள் அதில் சேர்ப்பதில்லை, எனக்கு அதில்தான் ஆத்திரம். 71 வயதுக்காரர் ஒரே நாளில் 4 லட்சத்தை முன்பின் தெரியாத கணக்குக்கு அனுப்பும்போது ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கக் கூடாதா? சரி, சைபர் மோசடி உதவி எண் 1930-க்குச் சொன்னீர்களா?

தெற்குவாசல்:
மறுநாள் காலையில்தான் ஐயா. 60,000 மட்டும் முடக்கியிருக்கிறார்கள்.

ஓய்வுபெற்ற கேஷியர்:
அதை நீதிமன்ற உத்தரவு வாங்கித்தான் எடுக்க வேண்டியிருக்கும், புகார் எண்ணைப் பத்திரமாக வையுங்கள். வங்கிக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது. அப்புறம், சித்தப்பாவை யாரும் திட்ட வேண்டாம்.