ஓடிக்கொண்டிருக்கும் சர்வரின் எல்விஎம் வால்யூம்களைப் புதிய ஸ்டோரேஜுக்கு மாற்றுவது எப்படி?

காவிரிக்கரை:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் அலுவலகத்தில் ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 8 இயங்கும் இரண்டு சர்வர்கள், ஃபைபர் சேனல் வழியாக ஒரு பழைய ஸ்டோரேஜுடன் இணைக்கப்பட்டுள்ளன. ஒன்றில் 2 டெராபைட் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளமும், மற்றொன்றில் ஸ்கேன் செய்யப்பட்ட ஆவணங்களுக்கான 8 டெராபைட் வால்யூமும் இருக்கின்றன. இரண்டிலும் எல்விஎம் (வட்டுகளைச் சேர்த்து வால்யூம்களாகப் பிரித்துத் தரும் லினக்ஸ் அடுக்கு), அதன் மேல் எக்ஸ்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம். பழைய பெட்டியின் பராமரிப்பு ஒப்பந்தம் முடியவிருப்பதால் புதிய ஸ்டோரேஜ் வாங்கப்பட்டு, அதிலிருந்து ஒதுக்கிய லன்களும் (சர்வருக்கு வட்டாகத் தெரியும் பகுதிகள்) இரண்டு சர்வர்களிலும் தெரிகின்றன; ஒரே லன்னைப் பல பாதைகள் வழியாக அணுக உதவும் மல்டிபாத்தில் ஒவ்வொரு லன்னுக்கும் நான்கு பாதைகளும் செயல்பாட்டில் உள்ளன.

சேவையை நிறுத்த ஞாயிறு இரவில் நான்கு மணி நேரம் மட்டுமே அனுமதி கிடைத்துள்ளது. கோப்புகளைப் பிரதியெடுக்கும் ஆர்சிங்க் கொண்டு நகலெடுப்பது நல்லதா, எல்விஎம்மின் பிவிமூவ் கட்டளையைப் பயன்படுத்துவது நல்லதா? பிவிமூவ் ஓடிக்கொண்டிருக்கும்போது சர்வர் நின்றுபோனால் தரவுக்கு என்ன ஆகும் என்பதுதான் என் முதன்மையான கவலை.

வைகறை:

வணக்கம். வினாடிக்கு 200 மெகாபைட் வேகம் கிடைத்தாலும் 8 டெராபைட் நகர ஏறத்தாழ 11 மணி நேரம் ஆகும் என்பதால், சேவையை நிறுத்திவைத்து முழுவதையும் நகலெடுக்கும் வழி உங்களுக்குப் பொருந்தாது. பிவிமூவ் இதற்கென்றே உள்ள கட்டளை. ஃபைல் சிஸ்டத்தைப் பிரிக்காமலேயே, பயனர்கள் வேலை செய்துகொண்டிருக்கும்போதே தரவை நகர்த்தும்.

நீங்கள் கவலைப்படும் நிலைக்கும் அதில் ஏற்பாடு இருக்கிறது. பிவிமூவ் ஒரு தற்காலிக மிரரை (இரட்டை நகலை) அமைத்து, வால்யூமைப் பகுதி பகுதியாக எடுத்து, ஒரு பகுதி முழுவதும் புதிய வட்டில் எழுதப்பட்ட பின்னரே எல்விஎம் மெட்டாடேட்டாவில் (எந்தத் தரவு எந்த வட்டில் உள்ளது என்ற பதிவில்) அதன் இடத்தை மாற்றுகிறது. ஆகவே சர்வர் நடுவில் நின்றாலும், மீண்டும் இயங்கிய பின் எந்த விவரமும் கொடுக்காமல் பிவிமூவ் என்று மட்டும் கட்டளையிட்டால் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

இதைவிட எனக்குக் கவலை தருவது லன்னின் பிளாக் அளவு, அதாவது ஒரே முறையில் படிக்கவோ எழுதவோ முடிந்த மிகச் சிறிய அலகு (செக்டர் அளவு என்றும் சொல்வார்கள்). சில புதிய ஸ்டோரேஜ்களில் லன்னை உருவாக்கும்போதே 512 பைட்டா, 4096 பைட்டா என்று தேர்ந்தெடுக்க முடியும். 512 பைட் செக்டருடன் உருவாக்கப்பட்ட எக்ஸ்எஃப்எஸ், லாஜிக்கல் பிளாக் 4096 ஆக உள்ள லன்னுக்கு நகர்ந்துவிட்டால், அடுத்த முறை மவுண்ட் ஆகாது. சர்வர் மறுபடி தொடங்கும் வரை எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தோன்றக்கூடும் என்பதுதான் இதன் கொடுமை. எல்விஎம்மின் புதிய பதிப்புகள் இப்படிப்பட்ட இரு லன்களை ஒரே வால்யூம் குரூப்பில் (வால்யூம்களுக்கு இடம் தரும் வட்டுத் தொகுப்பில்) சேர்க்க மறுக்கும். அந்தத் தடையை எல்விஎம் அமைப்புக் கோப்பில் தளர்த்த வழி இருந்தாலும், தயவுசெய்து தளர்த்த வேண்டாம். பிளாக்டெவ் கட்டளையில் கெட்எஸ்எஸ் விருப்பத்தைக் கொடுத்துப் பழைய, புதிய லன்கள் இரண்டையும் பாருங்கள். எக்ஸ்எஃப்எஸ் இன்ஃபோ காட்டும் செக்ட்எஸ்இசட் மதிப்பையும் சேர்த்துப் பாருங்கள்.

அளவுகள் ஒத்திருந்தால் மீதி எளிது. விஜிசிஎஃப்ஜிபேக்கப் மூலம் மெட்டாடேட்டாவைச் சேமித்துக்கொண்டு, மல்டிபாத் பெயரைக் கொண்டு புதிய லன்னில் பிவிகிரியேட் செய்து (எல்விஎம் பயன்படுத்தும்படி தயார்செய்து), விஜிஎக்ஸ்டெண்டால் குரூப்பில் சேர்த்து, பிவிமூவைத் தொடங்குங்கள். எஸ்டிபி, எஸ்டிசி போன்ற பெயர்கள் ஒற்றைப் பாதையை மட்டுமே குறிப்பவை. அவற்றை எங்கும் கொடுக்க வேண்டாம். பகல் நேரத்தில் பயனர்களுக்கு வேகம் குறைந்தால், பிவிமூவ் பயன்படுத்தும் டிஎம் மிரர் கெர்னல் மாட்யூலின் ரெய்ட்1 ரீசிங்க் த்ராட்டில் மதிப்பைக் குறைத்து நகர்த்தும் வேகத்தை மட்டுப்படுத்தலாம்.

தேனீ:

வைகறை எழுதியதில் எனக்கு மாறுபாடில்லை. ஆனால் தரவுத்தள வால்யூமுக்கு நான் பிவிமூவைத் தேர்ந்தெடுக்க மாட்டேன். பிவிமூவ் முடிந்த நொடியில் பழைய பெட்டியில் பயன்படும் நகல் எதுவும் இல்லை. பாதி நகர்ந்த நிலையிலோ இன்னும் மோசம்: ஒரே வால்யூமின் சில எக்ஸ்டெண்டுகள் (எல்விஎம் இடம் ஒதுக்கும் சிறு துண்டுகள்) பழைய பெட்டியிலும் சில புதிய பெட்டியிலும் இருக்கும்; எந்தப் பெட்டி விழுந்தாலும் வால்யூம் போய்விடும். அந்த நேரத்தில் ஒரு ஸ்டோரேஜில் மட்டும் எடுக்கும் ஸ்னாப்ஷாட்டும் (அந்த நொடியின் நிலைப்பதிவும்) பயன்படாது. ஆகவே நகர்த்தத் தொடங்கும் முன் போஸ்ட்கிரெஸின் பிஜி பேஸ்பேக்கப் மூலம் முழு பேக்கப் எடுத்து, அதை வேறொரு இடத்தில் மீட்டுப் பார்த்துவிடுங்கள்.

எனது பரிந்துரை எல்விகன்வெர்ட் கட்டளை. வால்யூமை ரெய்ட்1 வகையாக (ஒரே தரவு இரண்டு வட்டுகளில் இருக்கும்படி) மாற்றி, இரண்டாம் நகலைப் புதிய லன்னில் வைக்கச் சொல்லுங்கள். ஒத்திசைவு 100 விழுக்காட்டை எட்டிய பிறகு இரண்டு பெட்டிகளிலும் முழு நகல் இருக்கும். ஒரு வாரம் அப்படியே ஓடட்டும். புதிய ஸ்டோரேஜில் ஏதேனும் கோளாறு தெரிந்தால் அதிலுள்ள நகலை நீக்கிவிட்டுப் பழைய நிலைக்கே திரும்பலாம். நம்பிக்கை வந்தபின் பழைய லன்னிலுள்ள நகலை நீக்கினால் போதும். இதற்கான விலை, ஒவ்வொரு எழுத்தும் இரண்டு பெட்டிகளிலும் முடிய வேண்டியிருப்பதால், மெதுவான பெட்டியின் வேகத்துக்கே நீங்கள் கட்டுப்படுவீர்கள் என்பதுதான். தரவுத்தளத்துக்கு அந்த விலையைக் கொடுக்கலாம் என்பது என் கருத்து.

காவிரிக்கரை:

இருவருக்கும் மிக்க நன்றி. சோதித்துப் பார்த்தேன்: பழைய லன்கள் 512 என்றும், ஆவண சர்வருக்கு ஒதுக்கப்பட்ட புதிய லன் 4096 என்றும் காட்டுகின்றன. ஸ்டோரேஜ் குழுவினர் அதை நீக்கிவிட்டு 512 பைட் அளவில் புதிதாக உருவாக்கித் தர ஒப்புக்கொண்டுள்ளனர். தரவுத்தளத்துக்கு ரெய்ட்1 வழியையே பின்பற்ற எண்ணுகிறேன். ஆனால் பழைய லன்னில் ஓர் எக்ஸ்டெண்ட் கூடக் காலியாக இல்லை. இது தடையாகுமா? மேலும், பழைய லன்களை எந்த வரிசையில் அகற்ற வேண்டும்?

தேனீ:

தடையாகும். ரெய்ட்1 ஒவ்வொரு நகலுக்கும் அருகில் தன் நிலையைக் குறித்துவைக்கும் ஆர்மெட்டா என்ற சிறு பகுதியை வைக்கும்; அதற்குப் பழைய லன்னிலும் ஓர் எக்ஸ்டெண்ட் வேண்டும். பழைய ஸ்டோரேஜில் லன்னைச் சற்றுப் பெரிதாக்கி, சர்வரில் மல்டிபாத் அளவைப் புதுப்பித்து, பிவிரீசைஸ் மூலம் எல்விஎம்முக்கும் அதைத் தெரியப்படுத்தினால் இடம் கிடைக்கும். அது இயலாவிட்டால், பயன்படாத சிறிய வால்யூம் ஏதேனும் அதே லன்னில் இருக்கிறதா என்று பார்த்து, அதை மட்டும் முதலில் புதிய லன்னுக்கு பிவிமூவால் நகர்த்துங்கள்.

வைகறை:

அகற்றும் வரிசையை நான் சொல்கிறேன், ஏனெனில் இதில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். முதலில் விஜிரெட்யூஸ் (லன்னைக் குரூப்பிலிருந்து விலக்க), பிறகு பிவிரிமூவ் (அதிலுள்ள எல்விஎம் குறியை அழிக்க), அதன்பின் மல்டிபாத் சாதனத்தை நீக்குதல், அடுத்து அதன் ஒவ்வொரு பாதையையும் சிஸ் அடைவிலுள்ள டிலீட் கோப்பின் வழியாக நீக்குதல். இவை எல்லாம் முடிந்த பின்னரே ஸ்டோரேஜ் குழுவினர் லன்னின் ஒதுக்கீட்டை எடுக்க வேண்டும். அவர்கள் முந்திக்கொண்டால், பாதை இல்லாதபோது கோரிக்கைகளை வரிசையில் நிறுத்திவைக்கும்படி மல்டிபாத் அமைக்கப்பட்டிருக்கும் சர்வரில், பிவிஎஸ், விஜிஎஸ் போன்ற எளிய கட்டளைகள்கூட விடை தராமல் தொங்கிவிடும்.

ஆவண வால்யூமைப் பற்றி இன்னொன்று. ஃபைல் சிஸ்டம் பாதிதான் நிரம்பியிருந்தாலும் பிவிமூவ் முழு 8 டெராபைட்டையும் நகலெடுக்கும். புதிய லன் தின் முறையில் (எழுத எழுத மட்டுமே இடம் எடுக்கும்படி) ஒதுக்கப்பட்டிருந்தால் அது முழுவதும் பயன்படுத்தப்பட்டதாகக் காட்டக்கூடும். நகர்த்தல் முடிந்ததும் எல்எஸ்பிஎல்கே கட்டளையில் பெரிய டி விருப்பத்தைக் கொடுத்து, டிஸ்கார்ட் வசதி (காலி இடத்தை ஸ்டோரேஜுக்குத் திருப்பித் தருவது) இருப்பதை உறுதிசெய்துகொண்டு, பயனர்கள் குறைவாக உள்ள நேரத்தில் எஃப்எஸ்ட்ரிம் இயக்குங்கள்.