புது டிரஸ்டி வந்ததும் என்ன செய்வது? போர்டு வேலை தெரிந்தவர்கள் கண்டவை

அறக்கட்டளைச் செயலர்:

ஓர் அறக்கட்டளையின் போர்டுக்குப் புதிதாக ஆள் வரும்போது வழக்கமாக நடப்பது: அறிமுக உரை, கைதட்டல், தூக்க முடியாத ஒரு கோப்பு, அடுத்த கூட்டத்தின் தேதி. அந்தக் கூட்டத்தில் பதினைந்து பொருள்கள் இருக்கும். பதினைந்துக்கும் அவர் தலையாட்டுவார். ஒவ்வொரு தலையாட்டலோடும் பொறுப்பில் தனக்கும் பங்கு வந்துவிட்டது என்பது அவருக்குத் தெரிந்திருக்காது. வரவேற்பு சரியாக அமைந்ததா என்று பார்க்க ஒரே அளவுகோல் போதும்: முதல் கூட்டத்திலேயே "இது எனக்குப் புரியவில்லை, விளக்கிவிட்டு ஓட்டுக்கு விடுங்கள்" என்று அவரால் கூச்சமில்லாமல் சொல்ல முடிகிறதா?

வேலை நியமனத்துக்கு முன்பே ஆரம்பிக்கிறது. டிரஸ்ட் பத்திரத்தை எடுத்து, பிற்பாடு செய்த திருத்தங்களோடு சேர்த்துப் படியுங்கள். அறங்காவலர்கள், அதாவது டிரஸ்டிகள், அதிகபட்சம் எத்தனை பேர்? நியமிக்கும் அதிகாரம் நிறுவனருக்கா, போர்டுக்கா? பதவிக்காலம் எத்தனை ஆண்டு, மறுநியமனம் உண்டா? எதெல்லாம் தகுதியிழப்பு? ஏழு பேர்தான் என்று பத்திரம் சொல்லும்போது எட்டாவது ஆளைச் சேர்த்தால் அந்த நியமனமே கேள்விக்குள்ளாகும். அவர் போட்ட ஓட்டால் ஒரு வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறிய தீர்மானங்களும் கூடவே ஆட்டம் காணும்.

கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும் என்ற கோரம் கணக்கை யாரும் பார்ப்பதில்லை. "மொத்த அறங்காவலர்களில் பாதிக்கு மேல்" என்று இருந்தால் ஏழு பேருக்கு நாலு, ஒன்பது பேருக்கு ஐந்து. இதுவரை தவறாமல் வந்த நாலு பேரை வைத்துக் கூட்டம் நடந்துகொண்டிருக்கும். இரண்டு பிரமுகர்களைச் சேர்த்த பிறகு, அவர்கள் இருவரும் வராத நாளில் அதே நாலு பேர் வந்தும் கூட்டம் செல்லாது. பிரபலமானவர்களைப் போர்டுக்கு அழைக்கும்போது முதலில் கேட்க வேண்டியது, ஆண்டுக்கு எத்தனை கூட்டத்துக்கு வர முடியும் என்பதைத்தான்.

கோப்பைப் பற்றி: முந்நூறு பக்கம் கொடுத்தால் ஒன்றும் படிக்கப்படாது. பத்திரமும் திருத்தங்களும், கடைசி மூன்று ஆண்டுத் தணிக்கை அறிக்கை, கடைசி நாலு கூட்டங்களின் மினிட்ஸ், பிற அமைப்புகளுக்கு இப்போது கொடுத்துவரும் உதவித்தொகைகளின் பட்டியல், நலமுரண் கொள்கை (சொந்த நலனும் அறக்கட்டளையின் நலனும் மோதும்போது என்ன செய்வது என்பது), முதலீட்டுக் கொள்கை. இவை போதும். மேலே இரண்டு பக்கத்தில் ஒரு வரைபடம் வையுங்கள்: பணம் எங்கிருந்து வருகிறது, எந்த மாதம் வருகிறது, யார் கையெழுத்தில் வெளியே போகிறது. உங்களுக்குள் மட்டும் புழங்கும் சுருக்கப் பெயர்களுக்கு ஒரு பக்க அகராதியும் வேண்டும். புதியவர் வாயடைத்துப் போவது பெரும்பாலும் இந்தச் சுருக்கப் பெயர்களால்தான்.

தணிக்கையாளர் ஒருவர்:

மினிட்ஸும் தணிக்கை அறிக்கையும் கொடுத்தால் மட்டும் போதாது, ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து படிக்க வைக்க வேண்டும். பெரிய கம்பெனி நடத்துகிறவர்கள்கூட அறக்கட்டளைக் கணக்கில் தடுமாறுவார்கள். காரணம், இங்கே கையிருப்பு என்பது செலவழிக்கக்கூடிய பணம் என்று பொருள்படாது.

எளிய உதாரணம். வங்கியில் 100 இருக்கிறது. அதில் 25, நன்கொடையாளர் குறிப்பிட்ட நோக்கத்துக்கு மட்டும் என்று எழுதிக் கொடுத்தது. 60, ஏற்கெனவே ஒப்புக்கொண்ட உதவித்தொகைகளின் அடுத்த இரண்டு ஆண்டுத் தவணைகள். சுதந்திரமாகத் தீர்மானிக்கக்கூடியது 15தான். புதிய டிரஸ்டி முதல் கூட்டத்தில் "இவ்வளவு பணத்தை ஏன் சும்மா வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்பது இந்தப் பிரிவினை தெரியாததால். நல்ல கேள்விதான், ஆனால் கூட்டத்துக்கு முன்பே அதற்குப் பதில் கிடைத்திருக்க வேண்டும். கைவைக்காமல் முதலீடாகவே வைத்திருக்கும் மூலநிதி தனி, அதன் வருமானத்தைத்தான் பொதுவாகச் செலவிடுகிறார்கள். பத்திரம் என்ன சொல்கிறது என்பதே கடைசி வார்த்தை.

அடுத்த குழப்பம், "கட்டாயம் எவ்வளவு செலவழிக்க வேண்டும்?" என்பது. நாட்டுக்கு நாடு அடிப்படையே வேறு. இந்தியாவில் வரிவிலக்கு பெற்ற அறக்கட்டளை, வருமானத்தில் 85 சதவீதமாவது நோக்கத்துக்காகப் பயன்படுத்த வேண்டும் என்பது பொது விதி. அமெரிக்காவில் தனியார் அறக்கட்டளைக்கு விதி சொத்தின்மேல்: முதலீட்டுச் சொத்து மதிப்பில் ஏறத்தாழ 5 சதவீதம். 100 சொத்து 8 வருமானம் தந்தால் முதல் கணக்குப்படி 6.80, இரண்டாவதன்படி 5. சந்தை விழுந்து வருமானம் 3 ஆகிவிட்டால் முதலாவது 2.55 ஆகக் குறையும். இரண்டாவது அந்த அளவுக்கு இறங்காது, மூலதனத்தில் கைவைக்க நேரலாம். வேறு நாட்டில் அனுபவம் உள்ளவர் போர்டுக்கு வந்தால் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். பழைய விதியை மனத்தில் வைத்துக்கொண்டே அவர் ஒவ்வொரு பட்ஜெட்டையும் படிப்பார்.

கணக்குப் பிரிவில் வேலை செய்பவர்:

வங்கிக் கையெழுத்து விஷயத்தை யாரும் எழுதவில்லை. எல்லாவற்றிலும் அதிகம் இழுக்கிற வேலை இதுதான். தீர்மானத்தின் சான்றிட்ட நகல், புதியவரின் அடையாள, முகவரிச் சான்றுகள், மாதிரிக் கையெழுத்து, இணைய வங்கி என்றால் தனிப் பயனர் பெயர். புதியவரின் கையெழுத்து வங்கியில் நடைமுறைக்கு வரும்வரை பழையவரின் பெயரை எடுக்கவே எடுக்காதீர்கள். ஒரே தீர்மானத்தில் இரண்டையும் எழுதி அனுப்பிவிட்டால், வங்கி பழையவரை அன்றே நீக்கிவிட்டுப் புதியவரின் ஆவணத்தில் குறை சொல்லித் திருப்பி அனுப்பும். இடைப்பட்ட நாட்களில் சம்பளமும் போகாது, தவணையும் போகாது. தீர்மானத்திலேயே "புதிய கையெழுத்து செயல்பாட்டுக்கு வந்த தேதியிலிருந்து" என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் பிரச்சினை இல்லை.

கையெழுத்தின் எழுத்துமுறையும் ஆவணத்தில் உள்ளதும் ஒன்றாக இருக்கட்டும். பெயரின் முன்னெழுத்து ஒரு சான்றில் முன்னாலும் மற்றொன்றில் பின்னாலும் இருந்தாலே நிறுத்திவைப்பார்கள்.

உதவித்தொகைப் பிரிவு மேலாளர்:

செயலர் சொன்ன அளவுகோலை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தத் துணிச்சல் கோப்பைப் படித்து வராது, பழகித்தான் வரும். அதற்கு ஒரு பயிற்சி: பழைய விண்ணப்பங்கள் மூன்றை எடுங்கள். ஒன்று, ஒப்புக்கொண்டு நன்றாக நடந்தது. இன்னொன்று, ஒப்புக்கொண்டு சறுக்கியது. மூன்றாவது, நிராகரித்தது. பெயர்களை மறைத்து, முடிவைச் சொல்லாமல், ஒரு வாரம் முன்பு புதியவர்களிடம் கொடுங்கள். பிறகு முக்கால் மணி நேரம் உட்கார்ந்து அவர்களைத் தீர்மானிக்கச் சொல்லுங்கள். கடைசியில் போர்டு உண்மையில் என்ன செய்தது, பிறகு என்ன ஆயிற்று என்று சொல்லுங்கள்.

இதில் எப்போதும் தெரியவருவது: அழகாக எழுதிய விண்ணப்பத்தை எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். சறுக்கியது பெரும்பாலும் அதுதான். பட்ஜெட் பக்கத்தைக் கடைசியில் படிப்பவர் யார், முதலில் படிப்பவர் யார் என்பதும் புரிந்துவிடும். எந்தக் குழுவில் யாரைப் போடலாம் என்று தலைவர் அங்கேயே குறித்துக்கொள்ளலாம்.

பழைய டிரஸ்டிகளும் இதில் உட்கார வேண்டும், ஆனால் பேசக் கூடாது. பேசவிட்டால் "அப்போது நாங்கள் ஏன் அப்படிச் செய்தோம் தெரியுமா" என்று நியாயப்படுத்த ஆரம்பித்துவிடுவார்கள்.

களப் பார்வை பற்றியும் கொஞ்சம். புதியவரை உதவி பெறும் அமைப்புக்கு அழைத்துப் போவது நல்லதுதான், ஆனால் எதிரில் இருப்பவர்களின் நிலையிலிருந்து யோசித்துப் பாருங்கள். பணம் தருகிறவர் வந்திருக்கிறார். அவர் வாயிலிருந்து விழும் ஒவ்வொரு சொல்லையும் எடை போடுவார்கள். "பார்க்கலாம்" என்று டிரஸ்டி சாதாரணமாகச் சொல்வது அங்கே பாதி வாக்குறுதி. "இதையும் சேர்த்துச் செய்யலாமே" என்பது ஆணை. அடுத்த விண்ணப்பத்தில் அந்த யோசனை அப்படியே வந்து நிற்கும், அந்த அமைப்புக்கு அதில் அனுபவமே இல்லாவிட்டாலும். எனவே மூன்று நாலு பேருக்கு மேல் போகாதீர்கள், வரவேற்பு ஏற்பாடு வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிச் சொல்லுங்கள், அனுமதி இல்லாமல் படம் எடுக்காதீர்கள், பயனாளிகளுக்குக் கையில் எதையும் கொடுக்காதீர்கள். அந்த அமைப்பின் விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கும் மாதத்தில் போகவே வேண்டாம். டிரஸ்டி கேட்க வேண்டிய கேள்விகளில் மிகப் பயனுள்ளது: "எங்களுக்கு அறிக்கை தயாரிக்க மாதம் எத்தனை நாள் செலவாகிறது?"

இன்னொன்று, சிபாரிசு. பெயர் அறிவிக்கப்பட்ட வாரமே தெரிந்தவர், உறவினர், பழைய சக ஊழியர் என்று கோரிக்கைகள் வரத் தொடங்கும். மறுக்கத் தெரியாமல் புதியவர் "அனுப்புங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லிவிடுவார். அதைத் தடுக்க ஒரு பதிலை எழுதிக் கையில் கொடுத்துவிடுங்கள்: "விண்ணப்பங்கள் எல்லாம் அலுவலகத்துக்கே வர வேண்டும். எனக்குத் தெரிந்தவர் என்றால் அந்த விவாதத்தில் நான் கலந்துகொள்ள முடியாது." இரண்டாவது வாக்கியம்தான் வேலை செய்யும். சிபாரிசு கேட்பவருக்கு அதில் லாபமில்லை என்று புரிந்துவிடும்.

முன்னாள் டிரஸ்டி:

பழைய டிரஸ்டிகள் பேசக் கூடாது என்பதை முழுக்க ஏற்க முடியாது. ஏன் அப்படி முடிவெடுத்தோம் என்பது மினிட்ஸில் இருக்காது, அவர்கள் தலைக்குள்தான் இருக்கும். முதல் அரை மணி நேரம் வாய்மூடி இருக்கட்டும், பிறகு கேட்டால் சொல்லட்டும்.

புதியவருக்குத் துணையாக ஒருவரை வைப்பது நல்ல பழக்கம். தலைவரைத் துணையாக வைக்காதீர்கள். தலைவரிடம் யாரும் முட்டாள்தனமான கேள்வி கேட்க மாட்டார்கள். இருபது ஆண்டு இருந்தவரும் வேண்டாம், அவருக்கு எது புரியாமல் இருக்கும் என்பதே மறந்திருக்கும். இரண்டாவது அல்லது மூன்றாவது ஆண்டில் இருப்பவர் சரி. கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு ஒரு போன், முடிந்த மறுநாள் ஒரு போன். அஜெண்டாவில் எது புரியவில்லை என்று மட்டும் பேச வேண்டும். "இதற்கு நாம் எல்லோரும் ஆதரவு" என்று துணைவர் சொல்ல ஆரம்பித்தால் அது ஓட்டு சேகரிப்பு.

அறிமுக வகுப்பை ஒரே நாளில் காலை முதல் மாலை வரை வைப்பதைவிட ஒன்றரை மணி நேரமாக இரண்டு முறை வையுங்கள். ஒன்று முதல் கூட்டத்துக்கு இரண்டு வாரம் முன்பு, மற்றொன்று அந்தக் கூட்டம் முடிந்து ஒரு வாரத்தில். இரண்டாவதில்தான் உண்மையான கேள்விகள் வரும். முதலாவதில் எல்லோரும் மரியாதைக்காகக் கேட்பார்கள்.

சட்ட ஆலோசகர்:

நலமுரண் படிவத்தை வெறும் கையெழுத்துச் சடங்காக முடிக்கிறார்கள். "உங்களுக்கு நலமுரண் உண்டா?" என்று கேட்டால் எல்லோரும் இல்லை என்றுதான் எழுதுவார்கள். பெயர்களைக் கேளுங்கள்: வாழ்க்கைத்துணை, பிள்ளைகள், உடன்பிறந்தோர் எங்கே வேலை செய்கிறார்கள், எந்த நிறுவனத்தில் பங்கு, வேறு எந்த அறக்கட்டளையில் பொறுப்பு. முரணா இல்லையா என்பதைப் போர்டு தீர்மானிக்கட்டும். இந்தப் பட்டியலை ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

நல்ல நோக்கத்தோடு செய்வதே சில இடங்களில் விதிமீறலாகும். அமெரிக்கத் தனியார் அறக்கட்டளைகளில், அறங்காவலர் போன்ற உள்ளாட்களே அறக்கட்டளையோடு கொடுக்கல் வாங்கல் செய்வதைத் தடுக்கும் விதி இருக்கிறது. அறங்காவலர் தன் கட்டடத்தைச் சந்தை வாடகையைவிடக் குறைவாக அறக்கட்டளைக்கு வாடகைக்கு விட்டாலும் அது மீறல். வாடகையே வாங்காமல் கொடுத்தால் தடையில்லை. அவர் சொந்தப் பெயரில், சட்டப்படி கட்டுப்படுத்தும் விதத்தில், ஒரு தொண்டு நிறுவனத்துக்கு வாக்களித்த நன்கொடையை அறக்கட்டளைப் பணத்திலிருந்து அடைப்பதும் மீறல்தான். புதிதாக வருபவர்கள் அதிகம் விழும் குழி இது. மற்ற நாடுகளில் விதி இவ்வளவு இறுக்கமாக இல்லாமல் இருக்கலாம், ஆனால் சேரும்போதே "உங்கள் பெயரில் நிலுவையில் உள்ள வாக்குறுதிகள் என்ன?" என்று கேட்டுவிடுவது எங்கேயும் பாதுகாப்பு.

கூட்டத்தில் மூன்று வழிகள் இருக்கின்றன என்று புதியவருக்குச் சொல்லுங்கள்: ஆதரவு, எதிர்ப்பு, விலகியிருத்தல். நலமுரண் இருந்தால் விலகுவதோடு அறையை விட்டு வெளியே போவதும் நல்லது. போனதையும் திரும்பி வந்ததையும் மினிட்ஸில் எழுத வேண்டும். எதிர்ப்பைப் பெயரோடு பதிவு செய்யக் கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. பிற்காலத்தில் விசாரணை என்று வந்தால் அந்த ஒரு வரிதான் துணை நிற்கும்.

"முன்னால் நடந்த தவறுக்கு நான் மாட்டுவேனா?" என்பது அடிக்கடி வரும் கேள்வி. முன்னவர் செய்த தவறுக்குப் பின்னவர் பொதுவாகப் பொறுப்பில்லை. ஆனால் தெரிந்த பிறகும் சும்மா இருந்தால் அது அவருடைய தவறாகிவிடும். அதனால்தான் நிலுவையில் உள்ள வழக்கு, வரி நோட்டீஸ், தணிக்கையாளர் எழுப்பிய ஆட்சேபம் ஆகியவற்றைச் சம்மதக் கடிதம் வாங்குவதற்கு முன்பே காட்டிவிட வேண்டும். மறைத்து வைத்து வரவேற்றால் ஆறு மாதத்தில் ராஜினாமா வரும்.

குடும்ப அறக்கட்டளையில் பணிபுரிபவர்:

குடும்ப அறக்கட்டளைகளுக்கு ஒன்று சேர்க்கிறேன். வெளியிலிருந்து முதன்முதலாக ஒருவர் வரும்போது, போர்டு முடிவுகள் பாதி வீட்டிலேயே நடந்து முடிந்திருக்கும். கூட்டம் வெறும் கையெழுத்துக்கு. வெளியாள் இரண்டாவது கூட்டத்திலேயே அதைக் கண்டுபிடித்துவிடுவார். அஜெண்டா குறிப்புகளைக் குடும்பத்தாருக்கும் வெளியாளுக்கும் ஒரே நாளில், ஒரே மின்னஞ்சலில் அனுப்புவது சின்ன விஷயம்தான். அதுவே பாதி மனக்கசப்பைத் தவிர்க்கும். நிறுவனர் உயிரோடு இருந்தால் அவருடைய நோக்கத்தை இரண்டு பக்கத்தில் எழுதி வாங்கிவிடுங்கள். "அப்பா இருந்திருந்தால் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார்" என்ற வாதத்துக்கு வெளியாளால் வேறு எதைக்கொண்டும் பதில் சொல்ல முடியாது.

அறக்கட்டளைச் செயலர்:

விட்டுப்போனவற்றை மட்டும் சேர்க்கிறேன். டிரஸ்டிகளுக்குப் பொறுப்புக் காப்பீடு எடுத்திருந்தால் புதிய பெயரைத் தெரிவிக்க வேண்டுமா என்று பாலிசியைப் பாருங்கள். பதிவுத்துறை, வரித்துறை, வெளிநாட்டு நன்கொடை அனுமதி தந்த துறை என எங்கெல்லாம் அறங்காவலர் பட்டியல் இருக்கிறதோ அங்கெல்லாம் மாற்றத்தைத் தெரிவிக்கும் கெடுவை நியமனத் தீர்மானத்தின் கீழேயே தேதியோடு எழுதிவையுங்கள். ஒவ்வொரு கெடுவுக்கும் ஒரு பொறுப்பாளர் பெயரும் வேண்டும்.

90வது நாளில் தலைவர் தனியாக அரை மணி நேரம் உட்கார்ந்து மூன்று கேள்வி கேட்கட்டும்: எந்தத் தீர்மானத்தில் புரியாமல் ஓட்டுப் போட்டீர்கள்? யாரும் பேசாத எந்த விஷயம் உங்களுக்கு விசித்திரமாகத் தெரிந்தது? எந்தக் காகிதம் வராமலே போயிருக்கலாம்? மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலை வைத்து அடுத்த புதியவருக்கான கோப்பிலிருந்து அந்தக் காகிதத்தை அன்றைக்கே எடுத்துவிடுங்கள்.