காஞ்சிபுரம் தறியில் பிளாஸ்டிக் குடம்: இறுதி ப்ராஜெக்ட்டுக்கு யோசனை வேண்டும்

கடைசி_செமஸ்டர்:
வணக்கம். டெக்ஸ்டைல் டிசைன் இறுதியாண்டு படிக்கிறேன். மார்ச்சில் இடைக்கால ஜூரி (ஆசிரியர் குழு மதிப்பீடு), மே மாதம் எல்லோருடைய வேலையும் கண்காட்சிக்குப் போகும். என் ப்ராஜெக்ட் சென்னைத் தெருவில் தண்ணீர் லாரிக்காக வரிசையில் நிற்கும் பிளாஸ்டிக் குடங்கள். பச்சை, ஆரஞ்சு, ரோஸ், நீலம் என்று 14 நிறம். இதைப் பட்டுச் சேலையில் புட்டாவாக (உடலில் அங்கங்கே வரும் சின்ன உருவமாக) நெய்ய வேண்டும் என்று ஆசை. அன்னமும் மயிலும் வந்த இடத்தில் குடம் வந்தால் என்ன? ஆனால் காஞ்சிபுரத்தில் ஒரு தறிக்காரரிடம் கணினியில் வரைந்ததைக் காட்டினேன், ஒரு பார்வை பார்த்துவிட்டு "இது பிரிண்ட் டிசைன் மா, நெசவு டிசைன் இல்லை" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். கைடு டிஜிட்டல் பிரிண்ட்டே போதும் என்கிறார். எனக்கு மனசு வரவில்லை. பிரிண்ட்டுக்குப் போய்விடலாமா, இல்லை நெசவிலேயே வழி இருக்கிறதா?

அட்டைக்காரர்:
தங்கச்சி, அவர் சொன்னது சரி. அதற்காகக் குடத்தை விட வேண்டியதில்லை. தறியில் ஏற்றும் துளையிட்ட டிசைன் அட்டை உருவத்தை மட்டும்தான் தீர்மானிக்கும், நிறத்தை இல்லை. புட்டாவுக்குத் தனித்தனிச் சின்ன நூல்கண்டு வைத்துக் கையால் கோத்துப் போடும்போது, எந்தக் குடத்துக்கு எந்த நிற நூல் என்பது நெய்கிறவர் கையில் இருக்கிறது. ஒரே குடத்துக்குள் 14 நிறம் கேட்டால் யாரும் நெய்ய மாட்டார்கள். ஒரு குடம் ஒரு நிறம், பக்கத்துக் குடம் வேறு நிறம் என்றால் ஒரே செட் அட்டையிலேயே முடிந்துவிடும். தெருவிலும் அப்படித்தானே நிற்கிறது?

அப்புறம் அளவு. உன் தறியில் 240 ஹூக் ஜக்கார்டு (அட்டையின்படி இழைகளைத் தூக்கும் 240 கொக்கி உள்ள கருவி), அங்குலத்துக்கு 80 இழை பாவு, அதாவது நீள நூல், என்று வைத்துக்கொள். ஹூக்குக்கு ஓர் இழை கட்டினால் டிசைன் 3 அங்குலத்தில் திரும்பி வரும், அதற்குள்தான் எல்லாம் அடங்க வேண்டும். ஊடை, அதாவது குறுக்கு நூல், அங்குலத்துக்கு 60தான் விழுகிறது என்றால், நீ சதுரக் கட்டத்தில் வரைந்த குடம் தறியில் மேல்நோக்கி நீண்டு கூஜா ஆகிவிடும். அதனால் முதலில் பாவும் ஊடையும் எத்தனை என்று கேட்டுவிட்டு, அந்த விகிதத்தில் கட்டம் போட்டு வரை. நிறைய மாணவர்கள் இதைக் கேட்காமலே வந்துவிடுகிறார்கள், தறிக்காரர்கள் சலித்துக்கொள்வதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

இன்னொன்று, குடத்தின் வயிறு முழுக்க ஒரே வீச்சில் நூல் மிதந்தால் வளையல் மாட்டி இழுத்துவிடும். நடுநடுவே அந்த நூலைத் துணியோடு பிடித்துவைக்கும் கட்டு கொடுக்க வேண்டும். பிளாஸ்டிக் குடத்தின் கழுத்தில் வளையம் வளையமாக வரி இருக்கிறதே, அந்த இடத்திலேயே கட்டைப் போடு. கட்டு போட்டதாகவே தெரியாது.

கடைசி_செமஸ்டர்:
அண்ணா, கழுத்து வரி எனக்குத் தோன்றவே இல்லை! ஒரு சேலை மட்டும் நெய்து தருவார்களா? செலவை நினைத்தால்தான் பயம்.

அட்டைக்காரர்:
ஒரு சேலைக்காகப் பாவு ஓட்ட மாட்டார்கள், ஒரு பாவு பல சேலைக்கானது. ஏற்கெனவே தறியில் ஏறியிருக்கும் பாவில், ஒரு சேலை முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு முன் அரை மீட்டர் மாதிரித் துண்டு கேள். பாவு நிறம் அவருடையது, புட்டாவும் ஊடையும் உன்னுடையது. கோர்வைக் கரை கேட்காதே, உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் இணைய மூன்று நாடா (ஊடை நூலைக் கொண்டுபோகும் கட்டை) ஓட வேண்டும், கூட ஓர் ஆள் வேண்டும். அட்டை அடிக்கிற கூலி, அன்றைக்கு அவருக்கு நின்றுபோகிற கூலி இரண்டையும் பேரம் பேசாமல் கொடுத்துவிடு. காஞ்சிபுரத்தில் அரசின் நெசவாளர் சேவை மையம் இருக்கிறது, அங்கேயும் போய்ப் பார். இந்த மையங்கள் 1950களில் தொடங்கியபோது ஓவியர்களையும் வேலைக்கு எடுத்தார்கள். குடத்தை எல்லாம் பார்த்து மிரள மாட்டார்கள்.

திருப்பூர்_மெர்ச்சன்டைசர்:
எல்லோரும் நெசவு என்றாலே உருகுகிறீர்கள். பிரிண்ட் ஒன்றும் மட்டம் இல்லை, வேலை கிடைப்பதும் பெரும்பாலும் அதில்தான். எங்கள் ஆபீசுக்கு போர்ட்ஃபோலியோ எடுத்துக்கொண்டு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் மாடல் உடுத்திய போட்டோவாக வைத்திருப்பார்கள். ரிப்பீட் ஃபைலை (டிசைன் திரும்பத் திரும்ப வரும் ஃபைல்) திறக்கச் சொன்னால் சேர்கிற ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரியும். இந்தப் பெண் அந்தத் திருப்பிக் கொடுத்த டிசைன், சரிசெய்த கட்டத்தாள், நெய்து வந்த மாதிரித் துண்டு மூன்றையும் வரிசையாக வைத்தால் நான் அதைத்தான் பார்ப்பேன். என் கருத்து: அரை மீட்டர் நெசவு, மீதி பிரிண்ட். மே மாதத்துக்குள் முழுச் சேலை என்று ஆசைப்படாதீர்கள்.

பாவு_ஊடை:
யாரும் சொல்லாத விஷயம் ஒன்று. கண்காட்சியில் வைப்பதற்கு முன்னால், இன்ஸ்டாவில் போடுவதற்கும் முன்னால், டிசைன் பதிவுக்கு விண்ணப்பம் போட்டுவிடு. 2000ஆம் ஆண்டு டிசைன் சட்டப்படி அது புதியதாக இருக்க வேண்டும், முன்பே வெளியாகிவிட்டால் பொதுவாகப் பதிய முடியாது. பதிந்தால் 10 ஆண்டு பாதுகாப்பு, இன்னும் 5 ஆண்டு நீட்டிக்கலாம். பதிப்புரிமை தானாகவே இருக்கிறதே என்று சும்மா இருக்காதே. பதியக்கூடிய டிசைனைப் பதியாமல் விட்டு, நீயோ உன் அனுமதியோடு வேறொருவரோ தொழில்முறை உற்பத்தியில் 50 தடவைக்கு மேல் போட்டுவிட்டால் அந்த உரிமையும் போய்விடும். என் ஜூனியர் ஒருத்தியின் பிரிண்ட் கண்காட்சி முடிந்த சில மாதத்தில் ஒரு கடையில் குர்தாவாகத் தொங்கியது, எதுவும் செய்ய முடியவில்லை. கல்லூரியில் சேரும்போது கையெழுத்துப் போட்ட தாளையும் எடுத்துப் பார், மாணவர் வேலை யாருக்குச் சொந்தம் என்று சில இடங்களில் அதிலேயே எழுதியிருப்பார்கள்.

கடைசி_செமஸ்டர்:
எல்லோருக்கும் நன்றி. அந்தத் தறிக்காரருக்கே போன் போட்டு பாவு, ஊடை எத்தனை என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை, அப்புறம் "சனிக்கிழமை வா, சேலை முடியுது" என்றார். அதற்குள் கட்டத்தாள் போட வேண்டும். அண்ணா, குடத்தின் வாய்ப்பக்கம் வளைவு படிக்கட்டு மாதிரி தெரிகிறது, அதற்கு ஏதாவது செய்யலாமா?

அட்டைக்காரர்:
ஒரு கட்டத்துக்குப் பதில் இரண்டு, மூன்று, இரண்டு என்று மாற்றி மாற்றி ஏற்று. தூரத்தில் வைத்துப் பார்த்தால் வளைவாகிவிடும். தாளைப் போட்டோ எடுத்து இங்கே போடாதே, பாவு_ஊடை திட்டுவார். தனிச் செய்தியில் அனுப்பு.