"மூச்சை இழுங்கப்பா" என்று கத்தியது நான்தான்

சாளரம்:
அப்பாவுக்கு சிஓபிடி, அதாவது மூச்சுக் குழாய் சுருங்கிப்போகும் நாள்பட்ட நுரையீரல் நோய். வாய்வழி உறிஞ்சும் பஃப் மருந்தெல்லாம் ஒழுங்காகத்தான் போகிறது. அன்றைக்குக் குளித்துவிட்டு வந்தவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். தோள் ஏறி இறங்குகிறது, பேச்சு வரவில்லை. நான் பக்கத்தில் நின்று "நல்லா மூச்சை இழுங்கப்பா, இழுங்க" என்று கத்துகிறேன். அவர் ஒரு கையை எடுத்து, வேண்டாம் வேண்டாம் என்பதுபோல் ஆட்டினார். பயத்தில் ஆட்டுகிறார் என்று நினைத்து இன்னும் சத்தமாகச் சொன்னேன்.

பிறகுதான் ஃபிசியோ சொன்னார்: சுருங்கிய குழாய் வழியாகப் பழைய காற்று முழுசாக வெளியே போவதில்லை. வேகமாக இழுக்க இழுக்க அது உள்ளேயே தேங்கும், புதுக் காற்றுக்கு இடமே இருக்காது. மூக்கால் இழுத்து, விசில் அடிப்பதுபோல் உதட்டைக் குவித்து, இழுத்ததைவிட இரண்டு மடங்கு நேரம் ஊதி விட வேண்டுமாம். அந்தக் கை இன்னும் கண்ணுக்குள் ஆடுகிறது.

தூங்காதவள்:
எங்கள் வீட்டில் சண்டையே நடந்தது. இரவு 2 மணிக்கு அம்மா ஜன்னலைத் திற என்கிறார். ஆக்ஸிமீட்டரில் ரத்த ஆக்ஸிஜன் அளவு 95 சதவீதம். ஆக்ஸிஜன் கொடுங்கள் என்று கேட்டதற்கு, அளவு சரியாக இருக்கும்போது அதனால் பயனில்லை என்றார் டாக்டர். நர்ஸ் கையடக்க ஃபேன் ஒன்றை அம்மா முகத்துக்கு நேரே பிடித்தார். நம்மை ஏமாற்றுகிறார்கள் என்றே நினைத்தேன். சில நிமிடத்தில் அம்மா, "யாருடி இந்தப் பொண்ணு?" என்று முழு வாக்கியம் பேசினார்! முகத்தில் குளிர்ந்த காற்று படும்போது அங்குள்ள நரம்பு வழியாக இளைப்பு உணர்வு குறையுமாம்.

படிக்கட்டு:
சாளரம், கோபிக்க வேண்டாம். நான் நோயாளியே. திணறும்போது உதட்டைக் குவி என்றால் எரிச்சல்தான் வரும். சும்மா இருக்கும்போதே பழகியிருந்தால் மட்டும்தான் அது கைகொடுக்கும். எனக்கு முதலில் உதவுவது குனிந்து நிற்பது. படி வளைவில் கைப்பிடிமேல் முழங்கையை ஊன்றிக்கொண்டால், கையைத் தாங்கும் வேலை இல்லாமல் கழுத்து, மார்புத் தசைகள் மூச்சுக்கு உதவ வரும். ஆள் வந்தால் போன் பார்ப்பதுபோல் நடிப்பேன். ஒருநாள் போன் தலைகீழாக இருந்தது.

நடைமணி:
என் மாமாவுக்கும் இதே கதைதான், சட்டை மாட்டக் கையைத் தூக்கினாலே இரைக்கும். எல்லோரும் இதைச் செய்யுங்கள். உட்கார்ந்து குளியுங்கள். துவட்டாமல் பெரிய துண்டைப் போர்த்திக்கொள்ளுங்கள். எழும்போதும் எதையாவது தூக்கும்போதும் மூச்சை வெளியே விடுங்கள். இரைக்கிறதே என்று நடப்பதை நிறுத்தாதீர்கள். கால் தசை தளர்ந்தால் அதே நாலு அடிக்கு இன்னும் கூடுதலாக இரைக்கும். நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி என்று கேளுங்கள், பெரும்பாலும் 6 முதல் 12 வாரம். அப்புறம், உதடு நீலம் பாய்ந்தாலோ, பேச்சு குழறினாலோ, இரைப்பு திடீரென்று கூடினாலோ ஃபேனைத் தேடாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

படிக்கட்டு:
கடைசி வரி சரி சார். மற்றதை யார் கேட்டது? நாற்காலி போட்டுத்தான் குளிக்கிறேன்.

சாளரம்:
தூங்காதவள் அக்கா, ஃபேனை எவ்வளவு தூரத்தில் பிடிக்க வேண்டும்?

தூங்காதவள்:
ஒரு சாண். மூக்கிலேயே நிறுத்தாமல் கன்னம், மேலுதடு என்று மெல்ல அப்படி இப்படிக் காட்டுங்கள். அப்பா கையிலேயே கொடுத்துவிடுங்கள்.